சிகப்பிக்கு ஒரு வெள்ளி முகம்

ராயவரம்
12 ஜனவரி 2025

தம்பி தேனப்பனுக்கு,

இன்று ஜனவரி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எண்பத்தொரு வயது, நான்கு மாதம், ஒன்பது நாள் ஆகிறது. இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீ அனுப்பிய அச்சுப்படியில் என்னை ‘தொண்ணூறைத் தொடும் எங்கள் மூத்த ஆச்சி’ என்று குறித்திருக்கிறாய். நான் தொண்ணூறைத் தொடவில்லை. தொடுகிற எண்ணமும் இல்லை. சாட்சிக்கு வயது கூடினால் சாட்சியத்துக்கு மதிப்புக் கூடும் என்று நினைத்தாய் போலும். நீதிமன்றத்தில் அது நேர் எதிர்.

என் காது போனபின் நம்மிடையே தொலைபேசி இல்லை. ஆகவே கோபத்தைக்கூட எழுதித்தான் தொலைக்க வேண்டியிருக்கிறது.

‘ஊருணி கொண்ட உத்தமி சிகப்பி ஆச்சி வரலாறு’ என்ற உன் புத்தகத்தை இரண்டு முறை வாசித்தேன். எனக்குத் தெரிந்த வரலாறு அரைப் பக்கம். சிகப்பி எனக்குத் தங்கை; உனக்குச் சின்ன அக்கா, நம் பேச்சில் சின்ன ஆச்சி. 1967 ஆனி மாதம், இருபது வயதில், ஒரு விடியற்காலையில் காணாமற்போனாள். ஊருணிப் படியில் அவள் சேலை கிடந்தது. உடல் கிடைக்கவில்லை. பெற்ற தகப்பனான அப்பச்சி அவளைத் தெய்வமாக வைத்தார். அன்றிலிருந்து ஆண்டுதோறும் இந்த வீட்டில் அவளுக்குப் புதுச் சேலை வைத்து, இலை போட்டு, படைப்பு நடக்கிறது. இந்த அரைப் பக்கத்தை நீ புத்தகமாக்கியிருக்கிறாய்.

‘பொன்னிற மேனி’ என்கிறாய். நம் அப்பத்தாவின் பெயரை வைத்ததால் அவள் சிகப்பி. நிறம் நல்ல கறுப்பு. ‘கணுக்கால் தழுவும் கூந்தல்’ என்கிறாய். டைபாய்டில் கொட்டியது போகத் தோள்வரை மிஞ்சியது. ‘எறும்புக்கும் தீங்கு நினையாதவள்.’ என் இடது முழங்கையில் அவள் பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது; வேண்டுமானால் படம் எடுத்துப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்.

இவை போகட்டும். இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘பதினேழு வயதுச் சிறுவனாக இருந்த அடியேன், ஆச்சி நீரில் இறங்குவதைக் கண்டு ஊருணியில் குதித்தேன். ஓர் ஒளிப்பிழம்பு என்னைத் தடுத்துக் கரையில் சேர்த்தது.’ அன்று நீ காரைக்குடியில் பள்ளி விடுதியில் இருந்தாய். உனக்குத் தந்தி கொடுத்தவள் நான்.

பல்கலைக்கழக அகராதிப் பிரிவில் என் வாழ்நாளைக் கழித்தேன் என்பது உனக்குத் தெரியும். ‘மிகைப்படுத்து’ என்ற வினைக்குப் பொருள் விளக்கச் சீட்டு எழுதியவள் நான்தான். ‘உள்ள ஒன்றை அதன் அளவினும் பெரிதாகத் தோன்றச் செய்’ என்று எழுதினேன். ‘உள்ள’ என்ற சொல் தேவையில்லை என்று தலைவர் அடிக்கப் பார்த்தார். விடவில்லை. இருந்தால்தானே பெரிதாக்க முடியும்? அவள் நிறத்தையும் கூந்தலையும் நீ மிகைப்படுத்தியிருக்கிறாய், பொறுத்துக்கொள்ளலாம். நீ குதித்ததை மிகைப்படுத்தியிருக்கிறாய் என்று சொல்ல முடியாது. அதற்கு வேறு வினை இருக்கிறது. அதை எழுதினால் உனக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

கடைசிப் பக்கத்தில் ‘கண்ணால் கண்டவர்’ என்று என் பெயரைப் போட்டு, கையொப்பத்துக்கு ஒரு கோடும் இழுத்திருக்கிறாய். அந்தக் கோடு அப்படியே இருக்கட்டும்.

உமையாள்

*

சிவமயம்

சென்னை
19 ஜனவரி 2025

அன்பும் வணக்கமும் நிறைந்த பெரிய ஆச்சி அவர்களுக்கு,

தம்பி தேனப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மீனாளும் பிள்ளைகளும் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் வயதைத் திருத்திவிட்டேன். கூந்தலையும் முழங்கால்வரை குறைத்துவிட்டேன். அதற்குமேல் குறைக்க முடியாது, டிசைனர் பக்கம் கட்டி முடித்துவிட்டார்.

ஆச்சி, நீங்கள் படித்தவர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. தவறிக் கடையில் உட்கார்ந்தவன். ஆனால் இது அகராதி இல்லை, சாமி புத்தகம். சாமி புத்தகத்தில் ‘சுமாரான நிறம்’ என்று யாராவது அச்சடிப்பார்களா?

எதற்காக இவ்வளவு பாடுபடுகிறேன் என்று சொல்கிறேன். இதுவரை நம் வீட்டளவில்தான் சின்ன ஆச்சிக்குப் படைக்கிறோம். பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து பொதுவாகப் படைக்க வேண்டும் என்பது என் ஆசை. போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இதைப் பேசினேன். மேல வீட்டு மெய்யப்பன் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, “ஒடம்பே கெடைக்காதவளுக்கு என்னப்பா சாமி? ஓடிப்போயிருந்தா என்ன செய்வே, பஸ்ஸுக்கும் சேத்துப் படைப்பியா?” என்றான். பந்தியே சிரித்தது. பாதி இலையில் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாயை அடைக்க ஒரு சாட்சி வேண்டும். அன்று வீட்டில் இருந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான். உங்கள் ஒரு கையெழுத்து போதும். மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, படைப்பு. பினாங்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காரைக்குடிப் பத்தரிடம் வெள்ளியில் திருமுகம் செய்யக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, தப்பாக நினைக்கக் கூடாது. உள்முற்றத்து வளவில் நீங்கள் படுத்திருக்கும் இரண்டாம் அறை சின்ன ஆச்சி இருந்த அறை. திருமுகத்தை அங்கேதான் வைக்க வேண்டும் என்கிறார்கள். பின்கட்டில் உங்களுக்கு ஃபேனும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் போட்டுத் தருகிறேன்.

நான் குதித்தேனா இல்லையா என்று கேட்டால், எனக்கே இப்போது தெரியவில்லை. சொல்லிச் சொல்லி அந்தத் தண்ணீரின் குளிர் உடம்பில் ஏறிவிட்டது. அதை எடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது ஆச்சி? கடைதான் இருக்கிறது.

தங்கள் அன்புத் தம்பி
தேனப்பன்

*

ராயவரம்
27 ஜனவரி 2025

தேனப்பனுக்கு,

உன் மேலாளர் நாகராசு நேற்று அளவு நாடாவோடு வந்தான். என் கட்டிலைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு, என் செவிட்டுக் காதுக்கு எட்டும்படி கத்தினான்.

“ஆச்சி, கொஞ்சம் அங்கிட்டு நகந்துக்கிட்டீங்கன்னா அளந்துருவேன்.”

“எதை அளக்குறே? என்னையா, அறையையா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே. நீங்க எந்திரிச்சாத்தானே அது அறை.”

சமையல் வேலைக்கு வரும் ராக்காயி வாசலில் நின்றபடி, “ஏன்டா இப்புடிக் கத்துறே? சாமி பயந்து ஊருணிக்கே திரும்பிப் போயிரும்” என்றாள். இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை இவள் ஒருத்திதான், குறையொன்றும் இல்லை.

போகும்போது நாகராசு, வெள்ளித் திருமுகத்தைத் தன் கைப்பேசியில் காட்டினான். அது உன் மகள் சுபா. பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம் என்று நினைக்கிறேன். மூக்கை மட்டும் கூராக்கியிருக்கிறார்கள். சிகப்பியின் படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லையாதலால் பத்தரையும் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்குத் தெத்துப்பல். சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். அதை வெள்ளியில் செய்ய அந்தப் பத்தருக்குக் கைவருமா என்று தெரியவில்லை; செய்திருந்தால் நானே ஒரு பூ வைத்திருப்பேன்.

குதித்த வாக்கியம் இல்லாவிட்டால் உன்னிடம் கடைதான் மிஞ்சும் என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதங்களிலேயே உண்மையான வாக்கியம் அதுதான். எனினும் உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும்.

‘மிகைப்படுத்து’ சீட்டில் வழக்குக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். இடம் போதாது என்று அச்சில் விட்டுவிட்டார்கள். அந்த வினையைப் புத்தகத்தில் எப்படி எழுதினாலும், வீடுகளில் அது பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் வழங்குகிறது: ‘பெருசு பண்ணாதே.’ அடிபட்டவர் வாய் திறக்கும்போது, அடிக்காதவர்கள் சொல்வது. என் எடுத்துக்காட்டை நான் நூல்களில் தேடவில்லை. 1966 தீபாவளிக்குச் சிகப்பி மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்தாள். மாப்பிள்ளை பினாங்கு போய் மூன்று ஆண்டு; ஒரு கடிதம் இல்லை. அடுப்படியில் நாம் எல்லாரும் இருந்தோம்.

“ஆத்தா, மேல அறையில வச்சுப் பூட்டிப்புடுறாக. தண்ணி குடிக்கக்கூட வெளிய விடமாட்டேங்குறாக.”

“எல்லா வீட்லயும் இருக்குறதுதான். பெருசு பண்ணாத” என்றார் ஆத்தா.

அவள் முதுகைத் திருப்பி ரவிக்கையைத் தளர்த்திக் காட்டினாள். “அப்ப இந்தச் சூடு?”

வளவிலிருந்து அப்பச்சியின் குரல் வந்தது. “எண்ணெ தெறிச்சிருக்கும். இந்தப் பொண்ணு எதையும் ரெண்டாக்கித்தான் சொல்லும்.”

நீ முறுக்கு தின்றுகொண்டிருந்தாய். “சின்ன ஆச்சிக்குக் கொசு கடிச்சாப் பாம்பு” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன்பின் அவள் நம் வீட்டில் யாரிடமும் எதையும் காட்டவில்லை.

உயிரோடிருந்தவள் சொன்ன உண்மைக்கு நம் வீட்டில் மிகை என்று பெயர். அவளைப் பற்றி நீ சொல்லும் மிகைக்கு உண்மை என்று பெயர் வைக்க என் கையொப்பம் கேட்கிறாய். தரமாட்டேன். அறையையும் தரமாட்டேன்.

உமையாள்

*

சென்னை
4 பிப்ரவரி 2025

பெரிய ஆச்சிக்கு,

நீங்கள் சொல்லும் சூடு எதுவும் எனக்கு நினைவில்லை. அப்படியே இருந்திருந்தாலும், நீங்களும்தானே அந்த அடுப்படியில் இருந்தீர்கள்? கல்யாணமான வருஷமே விதவையாகி, அப்பச்சி காசில் மெட்ராஸில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த நீங்கள் என்ன செய்தீர்கள்? சீட்டு எழுதினீர்கள்.

உங்கள் கடிதத்தை மீனாளிடம் வாசித்துக் காட்டினேன். “ஒங்க ஆச்சிக்குப் பொறாமைங்க. கூடப் பொறந்தது சாமியாயிருச்சு, தான் ஆகலையேன்னு வெந்துக்கிட்டு கெடக்காக” என்றாள். நான் அவளை அடக்கவில்லை. அவள் சொன்னதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

சின்ன ஆச்சிக்குப் படைக்க நான் இருக்கிறேன். எனக்குப் பின்னால் கணேஷ் இருக்கிறான். உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? நாளைக்கு உங்கள் கண் மூடினால் கொள்ளி வைப்பதும் நான்தான், இலை போடுவதும் நான்தான். அதை நினைத்துப் பேசுங்கள். எழுதும்போதும் நினையுங்கள்.

வீடு என் பெயரில் இருக்கிறது. இருபது வருஷமாக உங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். இம்மாதம் பதினைந்துக்குள் அறை காலியாக வேண்டும். நாகராசு ஆட்களோடு வருவான். அவனிடம் வாயாட வேண்டாம், அவனுக்கு வேறு வேலை இருக்கிறது.

தேனப்பன்

*

ராயவரம்
9 பிப்ரவரி 2025

தேனப்பனுக்கு,

நாகராசுவுக்கு வேலை குறைவு. நான் நாளைக் காலைப் பேருந்தில் ஆலங்குடி போகிறேன். அங்கே எனக்கு வேண்டிய ஒருத்தி நோயில் படுத்திருக்கிறாள். பிழைப்பது அரிது என்கிறார்கள். அறையை உன் விருப்பம்போல் செய்துகொள்.

எனக்கு இலை போட ஆள் இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறாய். பசித்தபோது சாப்பிட்டுவிட்டேன், செத்தபின் சாப்பிடும் உத்தேசம் இல்லை. அடுப்படியில் நான் என்ன செய்தேன் என்றும் கேட்டிருக்கிறாய். அது நியாயமான கேள்வி. அன்று ஒன்றும் செய்யவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசி முறையாகக் கேட்கிறேன். ஊருணியில் அந்த விடியற்காலை நடந்ததை இத்தனை ஆண்டுகளாக எனக்கு நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை. இப்போது கேள். ‘என்ன நடந்தது ஆச்சி?’ என்று ஒரு வரி போதும். நானும் ஒரு வரியில் பதில் எழுதுவேன். எழுத நேரமில்லாவிட்டால் காரை எடுத்துக்கொண்டு நேரே ஆலங்குடிக்கு வா. வருவதென்றால் இந்த வாரமே வா. பிறகு வருவதில் பயன் இல்லை.

நிலவழகன், முந்திரிக் கொட்டகை, ஆலங்குடி என்று முகவரி எழுதினால் கடிதம் சேரும்.

உமையாள்

*

சிவமயம்

சென்னை
16 பிப்ரவரி 2025

பெரிய ஆச்சிக்கு,

அறையைக் காலி செய்து கொடுத்ததற்கு நன்றி. உங்கள் புத்தகங்களை நாகராசு பின்கட்டில் அடுக்கிவிட்டான். சிலவற்றைக் கரையான் அரித்திருந்தது, அவற்றை எரித்துவிட்டான். உங்கள் கட்டில் பின்கட்டு வாசலில் நுழையவில்லையாம். கால்களை அறுத்துத்தான் உள்ளே கொண்டுபோக முடியும் என்கிறான். படைப்பு முடிந்ததும் பார்ப்போம்.

அன்று நடந்தது எனக்குத் தெரியும். புதிதாகக் கேட்க ஒன்றும் இல்லை. ஆலங்குடிக்கு வர எனக்கு எங்கே நேரம்? பந்தல்காரன், கேட்டரிங், வேன், பினாங்குக்காரர்களுக்கு ஏ.சி. அறை என்று எல்லாம் என் ஒருவன் தலையில்தான்.

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. நீங்கள் கோபத்தில் இருப்பதால் கையெழுத்துக்காக மறுபடி தொந்தரவு செய்யவில்லை. உங்கள் ஒன்பதாம் தேதிக் கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தையே டிசைனர் ஸ்கேன் செய்து கோட்டின் மேல் வைத்துவிட்டார். மிக அழகாக வந்திருக்கிறது. உங்கள் எழுத்து இந்த வயதிலும் நடுங்கவில்லை. மெய்யப்பனுக்கு முதல் பிரதியைக் கொடுத்தனுப்பினேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “உமையாள் ஆச்சியே எழுதிக் குடுத்துட்டாகன்னா அப்பறம் நான் என்னத்தப் பேச?” என்றானாம். படைப்புக்கும் வருகிறான்.

பழசையெல்லாம் மறந்துவிடுவோம். இத்துடன் ஒரு பொட்டலம் திருநீறு வைத்திருக்கிறேன். சின்ன ஆச்சியின் படைப்புச் சேலை இருக்கும் பேழையில் வைத்து எடுத்தது. படுக்கையில் கிடக்கும் உங்கள் சிநேகிதிக்கு நெற்றியில் பூசுங்கள். சாமி காப்பாற்றும்.

தங்கள் அன்புத் தம்பி
தேனப்பன்

*

ஆலங்குடி
3 மார்ச் 2025

தேனப்பனுக்கு,

நேற்றுப் படைப்பு சிறப்பாக நடந்தது என்று ராக்காயி தன் பேத்தியின் கைப்பேசியிலிருந்து எழுதியனுப்பச் செய்தாள். வெள்ளி முகத்துக்குப் பட்டுச் சாத்தினீர்கள். மெய்யப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். இரண்டு பந்தி நடந்தது. வேன்கள் எல்லாம் மாலையில் புறப்பட்டுப் போயின. அவை போய்ச் சேரட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை இதுவரை எழுதாமல் இருந்தேன். முன்னதாக எழுதியிருந்தால் நீ புத்தகத்தை மறைத்திருப்பாய். இப்போது மறைக்க உன்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டாய்.

பந்தியில் மெய்யப்பன் சொன்னது சரி. சிகப்பி ஓடிப்போனாள்.

ஊருணிப் படியில் சேலையை அவளே வைத்தாள். என் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு முதல் பேருந்தில் ஏறினாள். நான் சாலைவரை கூடப் போனேன். அடுப்படியில் செய்யாததை அன்று செய்தேன். அந்தப் பேருந்தின் நடத்துநர், ஆலங்குடி குணசேகரனோடு வாழப் போனாள். மாமியார் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் போகவர அவள் பேசியிருந்த ஒரே வெளியாள். நம் வீட்டு முற்றத்தைத் தாண்டி உள்ளே வர அப்பச்சி அனுமதித்திராத சாதிக்காரர். அவள் முதுகைக் காட்டியபோது பெருசு பண்ணாதே என்று சொல்லாதவர் அவர் மட்டும்தான்.

அப்பச்சிக்குத் தெரியுமா என்று அடுத்துக் கேட்பாய். அப்பச்சிக்குத் தெரியும். ஒரு மாதத்துக்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். என்னையும் அழைத்துக்கொண்டு வாடகைக் காரில் ஆலங்குடி வந்தார். அவள் ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, “அப்பச்சி, உள்ள வாங்க” என்றாள். அவர் தெருவிலேயே நின்று அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். கார்க் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். திரும்பி வரும்போது காரில் என்னிடம் சொன்னார்: “செத்தவளுக்குப் படைக்கலாம். போனவளுக்கு என்ன செய்யுறது? தேனப்பனுக்கு நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” வீட்டுக்கு வந்ததும் தலை முழுகினார். அடுத்த வெள்ளிக்கிழமை முதலாவது படைப்பு நடந்தது. அந்தத் தெய்வத்தின் பெயரைச் சொல்லித்தான் உனக்கு மீனாளைக் கேட்டார்கள். அப்பச்சி உன்னைப்போல் புத்தகம் எழுதவில்லை. ஒரு இலை போட்டார், அவ்வளவுதான். பெரிதாக்குவதில் அவருக்கு இருந்த சிக்கனம் உனக்கு இல்லை.

தான் சாகும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சிகப்பி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தன் மகனை நம் ஆட்கள் ஏதாவது செய்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

அந்த மகன்தான் நிலவழகன். குணசேகரன் நடுவயதில் இறந்தபின் அவள் முந்திரி வறுத்து உடைத்து அவனை வளர்த்தாள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல்கள் வெந்து கறுத்து, கடைசிவரை கைநாட்டுக்கு ரேகை விழவில்லை. நீங்கள் ஆண்டுதோறும் படைக்கும் சேலை, மறு ஆண்டில் பேழையிலிருந்து எடுத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுக்கப்படும் அல்லவா? படைப்புக்கு ஆண்டுதோறும் வந்த வீட்டுப் பெண் நான். அவற்றை இங்கே கொண்டுவந்தேன். காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொண்டு முந்திரி வறுத்தவள் இந்த மாவட்டத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். “சாமிக்கு இந்த வருசம் கலரு நல்லாப் பாத்து எடுத்துருக்கான்” என்பாள், வாயைப் பொத்திக்கொண்டு.

நீயும் அவளைப் பார்த்திருக்கிறாய். 2008-இல் கணேஷின் திருமணப் பத்திரிகை வைக்கத் தஞ்சாவூர் போனாய். ஆதனக்கோட்டையில் சாலையோரம் காரை நிறுத்தி முந்திரி கேட்டாய். அப்போது அவள் அங்கே கடை போட்டிருந்தாள். உன் குரலைக் கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அப்படியே அப்பச்சியின் குரல். நீ ஒன்றை வாயில் போட்டு, “பாதி சொத்தையா இருக்கு, இதுக்கா இந்த வெல?” என்றாய். அவள் பெரிய பொட்டலமாகக் கட்டி நீட்டி, “காசு வேணாங்கய்யா, கொண்டுபோங்க” என்றாள். நீ ஓட்டுநரைப் பார்த்து, “கெழவி ஏதோ கலந்துருக்கா பாரு, சும்மா குடுக்குறா” என்று சொல்லி அதை அவள் காலடியில் போட்டுவிட்டு ஏறிப் போனாய். மறுநாள் என்னிடம் சொன்னபோதுகூட அவள் உன்னைக் குறை சொல்லவில்லை. “எம்புட்டு கெம்பீரமா இருக்கான் ஆச்சி!” என்றாள். பெரிதாக்கிப் பேசுவது அவளுக்கும் இருந்தது. உன் விஷயத்தில் மட்டும் இருந்தது.

இம்முறை நீ கேட்டிருந்தால் பார்த்திருப்பாய். சத்தியத்தை மீறத் துணிந்துதான் உன்னைக் கேட்கவைக்க முயன்றேன். உன் திருநீற்றுப் பொட்டலம் பதினெட்டாம் தேதி வந்தது. அப்போது அவளுக்கு நினைவு தப்பவில்லை. இது உன் பேழையிலிருந்து எடுத்தது என்று சொல்லாமல் நெற்றியில் பூசினேன். இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை விடியுமுன் மூச்சு நின்றது. எழுபத்தேழு வயது. நிலவழகன் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியம் வரும் வெள்ளிக்கிழமை.

நான் ராயவரத்துக்குத் திரும்பவில்லை. கட்டிலின் கால்களை அறுக்க வேண்டாம், ராக்காயிக்குக் கொடுத்துவிடு. நிலவழகன் எனக்கு இங்கே ஓர் அறை ஒதுக்கியிருக்கிறான். கொட்டகைப் புகை வருகிறது. காது கேட்காதவளுக்கு மூக்காவது வேலை செய்யட்டும்.

காரியத்துக்கு நீ வரலாம். வராமலும் இருக்கலாம். வருவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா. நீ அந்தப் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போனபின், உன் வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்தே தீருவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். நீ காவலாளியைக் கூப்பிடுவாய் என்று எனக்குத் தெரியும். அடுத்த தைப் பிறப்புக்கு முன்னால், நீ மாரடைப்பில் போய்விட்டாய் என்று அவளிடம் சொன்னேன். அவள் தலை முழுகினாள். அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, முந்திரிக் கொட்டகையைக் கழுவிவிட்டு, ஒரு வேட்டியும் துண்டும் வைத்து, பேரப்பிள்ளைகளை வரிசையாக விழச்சொல்லி, உனக்கு இலை போட்டாள். இந்தத் தையிலும், எழுந்து நிற்க முடியாத நிலையில், உட்கார்ந்தபடியே பரிமாறினாள்.

இந்த வீட்டில் நீ இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன.

உமையாள்